பூசணம் பிடித்த தட்டு

மார்ச் 3

என் அருமை வாலுக்கு,

வாழிய நீ! எங்கள் எதிர்த்தெருக் கல்லூரியில் உனக்கு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியை மருத்துவமனை முழுதும் முழங்கிவிட்டேன். ஊசிக்கு அழுத நோயாளிகூடச் சிரித்துவிட்டார். ஓராண்டில் பட்டம், அடுத்து நீ கனவு காணும் முனைவர் ஆய்வு! மாடியறைக்கு வெள்ளையடித்தாயிற்று. "வாலு வந்துட்டா இந்த வீட்ல என்னை யாரு மதிப்பா?" என்று புலம்பியபடியே உன் மாமா சன்னலோரம் மேசை செய்து போட்டிருக்கிறார். நாம் ஒரே கூரையின்கீழ் உறங்கி எத்தனை ஆண்டாயிற்று! பெட்டியைக் கட்டு.

வாசலிலேயே நிற்கும்,
அக்கா

மார்ச் 19

பாசத்தில் என்னை வென்ற அக்காவுக்கு,

திட்டுவதற்கு முன் முழுவதும் படி. தொலைவுக் கல்லூரி ஒன்றிலும் இடம் கிடைத்ததை உன்னிடம் மறைத்தேன். சென்ற வாரம் உன் எதிர்த்தெருவுக்கு வந்தும் உன் கதவைத் தட்டாமல் திரும்பினேன். உன் முகத்தைக் கண்டால் என் அறிவு ஊமையாகிவிடும்!

முனைவர் ஆய்வுக்கு என்னை உருவாக்கப்போவது எது? அதை அறிய, மண் நுண்ணுயிர் வளர்த்த என் கண்ணாடித் தட்டை இரண்டு இடங்களுக்கும் கொண்டுபோனேன். பூசணம் பிடித்துக் கெட்ட தட்டு. உன் தெருப் பேராசிரியர் அன்பாகத்தான் சொன்னார்: "கெட்டுப்போச்சும்மா, கழுவிட்டு வேற போடு. எப்படி வரணும்னு கையேட்டுலயே இருக்கே."

தொலைவுக் கல்லூரியிலோ பேராசிரியை அலறினார்: "ஐயய்யோ, கழுவிடாதே! பூசணத்துக்குப் பக்கத்துல மட்டும் நுண்ணுயிர் ஏன் இவ்வளவு செழிப்பா வளந்திருக்கு?" மாணவர்கள் பாய்ந்து வந்தார்கள். "நீ சொல்றது தப்புடா!" "அப்ப நீ சொல்லேன், பாப்போம்!" அக்கா, சோற்றை மறந்து சண்டையிட்டோம்! விடை எழுதப் பழகியவள் நான். விடையில்லாத வினாவோடு வாழப் பழகினேனா? முனைவர் ஆய்வு கேட்பது அதைத்தானே! அங்கே படிப்பு இரண்டாண்டு; இரண்டாம் ஆண்டு முழுதும் என் வினா, என் ஆய்வேடு. ஆனால் தொடர்வண்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். நீ "வா" என்றால் உன்னிடமே வந்துவிடுவேன். சொல்.

உன் வாலு

ஏப்ரல் 2

கதவைத் தட்டாத கள்ளிக்கு,

சினம்தான். சில நாள் இங்கே பாத்திரங்கள் மட்டுமே பேசின. பிறகு செவிலியர் உடையோடே எதிர்த்தெருவுக்கு நடந்து, தட்டைக் கழுவச் சொன்ன அந்தப் பேராசிரியரைக் கேட்டேன். "எங்க வாலு ஆராய்ச்சி பண்ணணுமாம். இங்க படிச்சா சரியா வருமா?"

"வேலைக்குன்னா கண்ணை மூடிட்டு இங்க அனுப்புங்க. ஆராய்ச்சிக்குன்னா அங்கயே போகட்டும்மா" என்றார் அந்த நல்ல மனிதர்.

"வா" என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது, வாலு. விழுங்கிவிட்டேன். போ! போய் உன் வினாவோடு சண்டையிடு. அந்தத் தட்டைக் கழுவித் தொலைக்காதே.

மாடியறையில் இப்போது மேசை இல்லை. உன் மாமா அதன் கால்களைக் கழற்றிப் பலகையோடு சேர்த்துக் கட்டி, நேற்றே உன் புதிய கல்லூரிக்குத் தொடர்வண்டியில் ஏற்றிவிட்டார்.

விடுமுறையில் நீ கதவைத் தட்டும் ஓசைக்குக் காது கொடுத்திருக்கும்,
அக்கா