அழிக்கச் சொன்ன வீடியோ

அப்பா,

இன்று சாயந்திரம் கடையில் கணினியை மூடிவிட்டு, சுவரில் இருந்த ப்ளக்கையும் கழற்றினேன். சூடான வயரின் வாசனை மூக்கில் ஏறியது. நான் வேலை செய்யும், போட்டோகொப்பியும் இன்டர்நெட்டும் உள்ள கொமினிகேஷன் கடையின் அக்கா சிரித்தார். நாளைக்குக் காலையில் மறுபடியும் போடத்தானே போகிறாய் என்றார். யோசிக்காமல் உங்கள் பதிலைச் சொல்லிவிட்டேன். "செவப்பு லைட்டு எரிஞ்சா அது இன்னும் வேலயில நிக்குதுன்னு அர்த்தம். வேல முடிஞ்ச ஆள வீட்டுக்கு அனுப்பிறணும்."

கடை இருக்கும் பதுளையிலிருந்து நம் தெமோதரைக்கு வரும் பஸ்ஸில்தான் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். உங்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. சொன்னால் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைக்கிற விஷயமும் ஒன்று இருக்கிறது.

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை முடிந்ததும் ஒவ்வொரு மோட்டராக நிறுத்திவிட்டு வருவதுதான் உங்கள் கடைசி வேலை. அந்தப் பழக்கத்தோடேயே நம் லயத்து வீட்டுக்கும் வருவீர்கள். போன் இல்லாத சார்ஜரைத் தொட்டுப் பார்த்து, "பாரு, சும்மா கெடந்தே சூடாகுது" என்று பிடுங்கிப் போடுவீர்கள். நான் குனிந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தால் திட்ட மாட்டீர்கள். எதிரே வந்து உட்கார்ந்து, என்னைப் போலவே கழுத்தை வளைத்து உங்கள் வெறும் உள்ளங்கையைப் பார்ப்பீர்கள். நான் நிமிரும் வரை அப்படியே இருப்பீர்கள். "என்ன பாப்பா, ஒனக்குச் சிக்னல் இருக்கா? எனக்கு இல்லியே" என்பீர்கள்.

முதலில் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

காற்று நம் கூரையில் இரண்டு தகரங்களைத் தூக்கிக்கொண்டு போனது நினைவிருக்கும். தோட்ட ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, பொலித்தீன் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். அப்போது போனில் ஓர் உதவிப் பக்கத்தைப் பார்த்தேன். உதவி தேவைப்படுகிறவர்கள் கீழே எழுதலாம் என்று போட்டிருந்தது. பஸ்ஸில் "இறக்கம்" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஹோல்டில் இறங்கி நடந்து வருகிற பெண் நான். வாயால் கேட்க முடியாததை எல்லாம் அங்கே விரலால் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். உங்கள் பெயர், தோட்டத்து டிவிசன், லயத்து நம்பர், நம் போன் நம்பர், நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியது வரைக்கும். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

புதுத் தகரத்தோடும் கேமராவோடும் வந்தவர்களை வரவழைத்தது நான்தான் அப்பா. ஆபீஸ்தான் அனுப்பியது என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினீர்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன். பிறகு என்னையும் கூப்பிட்டுத் தகரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று நீங்கள் கடைசி வரைக்கும் என்னிடம் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருந்தீர்களோ என்று இப்போது தோன்றுகிறது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நல்ல தகரம். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்த வீடியோவின் முகப்பில் உங்கள் முகத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணில் இல்லாத கண்ணீர்த் துளி ஒன்றை வரைந்திருந்தார்கள். "மகளைப் படிக்க வைக்க முடியாத தந்தை" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு. அந்தப் படத்தைத் தாண்டி வீடியோவை ஓடவிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்டோரில் உங்களை "நடிகரே" என்று கூப்பிட்டார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டு கும்பிடு போட்டீர்களாம். நான் எழுதிவைத்த நம்பருக்குத் தெரியாத ஆண்கள் அழைக்க ஆரம்பித்தார்கள். போன் மணி அடித்தாலே உங்களிடம் நீட்டிவிடுவேன். நீங்கள் வாங்கிப் பேசுவீர்கள். "தம்பி, ஒங்க அம்மா பக்கத்துல இருக்காங்களா? கொஞ்சம் குடுங்க, பேசணும்." ஒருத்தரும் அம்மாவிடம் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அழைப்பு நின்றுவிட்டது.

ஒரு நாள் மட்டும் சிரிக்காமல் பேசினீர்கள்.

"எம்மூஞ்சி கெடந்தா கெடந்துட்டுப் போகுது பாப்பா. ஒன் மூஞ்சியும்ல சேந்து கெடக்கு. நீ கல்யாணம் கட்டி, புள்ள குட்டி ஆன பொறகும் அங்கயே கெடக்குமே. அத அழிக்க முடியாதா?"

நீங்களே பேசிப் பாருங்கள் என்றேன். தகரத்தை வாங்கிக்கொண்டு இப்போது பேச வந்துவிட்டான் என்று நினைப்பார்கள் என்றீர்கள். "நீ நல்லா எழுதுவ. மரியாதயா எழுது." மூன்று தடவை எழுதினேன். பதில் வரவில்லை. வீடியோவிலேயே அவர்களுடைய நம்பர் இருந்தது. ஒரு போன் செய்தால் போதும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் உங்களுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது.

போன வாரம் பேசிவிட்டேன் அப்பா. என் வாயால்.

கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். அன்று வந்த அதே அண்ணன்தான் எடுத்தார். அப்பா செத்துப்போய்விட்டார், அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லியிருந்தார் என்று வாசித்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"எடுத்துறலாம் தங்கச்சி. ஆனா அப்பா பேசுற வேற வீடியோ ஏதாச்சும் ஒங்ககிட்ட இருக்கா?"

தாளில் அதற்குப் பதில் இல்லை. நம் போனில் இடம் போதாது என்று நான் வீடியோவே எடுத்ததில்லை. நான்கைந்து படங்கள்தான் இருக்கின்றன. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் தடவையாக அதை ஓடவிட்டேன். நீங்கள் எங்கே அழுவீர்கள் என்று பயந்துகொண்டே பார்த்தேன். நீங்கள் அழவே இல்லை. கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னீர்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. ஆரம்பத்தில், அவர்கள் கேமராவோடு படியேறி வருகிறபோது, நீங்கள் துண்டால் பெஞ்சைத் துடைக்கிறீர்கள். "மலை ஏறி வந்துருக்கீங்க, மொதல்ல ஒக்காருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம்" என்கிறீர்கள். நேரம் இல்லை ஐயா என்கிறார்கள். நீங்கள் உள்ளே திரும்பி, "பாப்பா, நாலு பேருக்கு ஊத்து" என்கிறீர்கள். உள்ளே இருந்து "சரிப்பா" என்று ஒரு சத்தம் கேட்கிறது. அது நான்.

வீடியோவில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். பிறகு அந்த அண்ணனுக்குப் போன் செய்து, முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்றேன். இந்த முறை கையில் தாள் இல்லை. மத்தியானம் தேடிப் பார்த்தபோது வீடியோ அங்கே இல்லை.

வேறு யாராவது அதைத் தங்கள் போனில் இறக்கி வைத்திருப்பார்களோ, எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் கடைக்கு யாராவது இணையத்தில் உதவி கேட்டுப் போட வேண்டும் என்று பிள்ளையின் படத்தோடு வந்தால், முகம் தெரியாமல் போடலாமா என்று கேட்கிறேன். மெதுவாகத்தான் கேட்கிறேன். ஆனால் அவர்களுக்குக் கேட்கிறது.

என்னிடம் இருக்கிற பகுதி "சரிப்பா"வோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். அவர்கள் குடிக்காமலே புறப்பட்டுப் போனார்கள். நாலு கோப்பையும் ஆறிப்போய் இருந்தன. கொட்ட வேண்டாம் என்றீர்கள். கூரையின் ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருக்க, நீங்கள் இரண்டு, நான் இரண்டு என்று குடித்து முடித்தோம். "வயித்துக்குள்ள கொளமே கட்டலாம் பாப்பா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

உங்கள்,
பாப்பா