ஏற்புடைய விடை

செனாய்,
2 பிப்ரவரி 2026

அன்புத் தோழி ஷாமளாவுக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. பாதிக்கு மேல் என் வீட்டுக்காரர்தான் தின்றார். பல் டாக்டரிடம் போகும்போது உன் பெயரைச் சொல்வாராம்.

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் நீ சிரிப்பாய். கைப்பேசியில் ஒரு வரி தட்டினால் முடிகிற விஷயத்துக்கு இவள் ஏன் முத்திரை ஒட்டுகிறாள் என்று கேட்பாய். வாட்ஸ்அப் புலனத்தில் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் போட்டுவிடுவாய். பத்து நிமிடத்தில் நீ போடும் பதில் எனக்கு வேண்டாம். தைப்பூச விடுமுறையில் உட்கார்ந்து யோசித்துத்தான் நானும் எழுதுகிறேன்.

உன் பழைய மாணவி பிரவீனா இப்போது என் ஆறாம் ஆண்டு வகுப்பில் இருக்கிறாள். அவள் அப்பா அர்ச்சுனனுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்து, ஜனவரியில் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். நாலாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் ஷாமளா டீச்சர்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தார் என்று அவள் சொன்னபோது எனக்குச் சந்தோஷம். அவளுடைய கையெழுத்தைப் பார்த்ததும் இன்னும் சந்தோஷம். அப்படியோர் எழுத்து! அச்சுக்கூடம் தோற்றது.

போன வாரம் வகுப்பில் விளையாட்டுபோல ஒரு நடவடிக்கை செய்தேன். ஆளுக்கொரு துண்டுத்தாள். அதில் ஒரு கட்டளை இருக்கும். பேசாமல் வாசித்து, அதன்படி செய்ய வேண்டும். ஒருவன் சன்னலைத் திறந்தான். ஒருத்தி கரும்பலகையில் மீன் வரைந்தாள். வகுப்பே கலகலப்பாக இருந்தது. பிரவீனாவின் தாளில் ‘எழுந்து போய்க் கதவைச் சாத்து’ என்று இருந்தது. அவள் உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நோட்டைத் திறந்து, தேதி போட்டு, அடிக்கோல் வைத்துக் கோடிழுத்து, ‘எழுந்து போய்க் கதவைச் சாத்து’ என்று முத்து முத்தாக எழுதி வைத்திருந்தாள். எழுதி முடித்துவிட்டு, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதா, ஷாமளா? மதிப்பீட்டில் வாசிப்புக்கு நீ அடைவுநிலை ஐந்து போட்டிருக்கிறாய். ஆறுதானே உச்சம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சத்தியபாமா


ரெங்கம்,
9 பிப்ரவரி 2026

என் பிரியமுள்ள பாமா,

பேனைப் பெருமாளாக்குவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. கல்லூரியிலும் நீ அப்படித்தான். மீ கோரிங் நூடுல்ஸில் ஒரு முடி கிடந்ததற்கு விடுதிக் காப்பாளருக்கு இரண்டு பக்க மனு எழுதியவள் அல்லவா நீ!

பிரவீனா கூச்சக்காரப் பிள்ளை. இங்கே தோட்டத்துப் பள்ளியில் ஆள் குறைவான வகுப்பில் இருந்தவளைத் தூக்கிக்கொண்டு போய் முப்பது பேருக்கு நடுவில் உட்கார வைத்தால் பேந்தப் பேந்த விழிக்கத்தான் செய்வாள். எழுந்து நடந்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்று பயந்திருப்பாள். கொஞ்ச நாள் விட்டுப் பிடி. நோட்டைப் பார், அவளுக்குப் பதிலாக அதுவே பேசும். போன வருடம் கல்வி இலாகாவிலிருந்து வந்தவர்கள் அவள் நோட்டைத்தான் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒரு வீட்டுப்பாடம்கூட விட்டுப்போனதில்லை. குழு நடவடிக்கை என்றால் மனவோட்டவரைப் படத்தை எழுதி வண்ணம் தீட்டுவது எப்போதும் அவள்தான்.

எனக்கும் ஒரு செய்தி உண்டு. துணைத் தலைமையாசிரியர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. ஏப்ரலில் நேர்காணல். யாரிடமும் சொல்லாதே, கண் படும். முழங்கால் வலி மட்டும் என்னோடு குடித்தனம் நடத்துகிறது.

அன்புடன்,
ஷாமளா


செனாய்,
16 பிப்ரவரி 2026

ஷாமளா,

பதவி விஷயம் கேட்டு மகிழ்ந்தேன். உழைத்தவளுக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

நோட்டைப் பார் என்றாய். பார்த்தேன். பழைய நோட்டுகள் இருந்தால் கொண்டுவரச் சொல்லி அவள் அம்மாவிடம் கேட்டேன். ஒரு துணிப்பை நிறையத் தூக்கிக்கொண்டு வந்தார். மகளின் நோட்டை ஆசிரியர் கேட்டு வாங்கிப் பார்க்கிறார் என்று அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

போன வருடம் ஜூலை 14, வீட்டுப்பாடம். ‘உன் குடும்பத்தினர் ஒருவரைப் பற்றி மூன்று வாக்கியங்கள் எழுதுக.’ பிரவீனா எழுதியிருப்பது இது: ‘1. மாணவரின் ஏற்புடைய விடை. 2. மாணவரின் ஏற்புடைய விடை. 3. மாணவரின் ஏற்புடைய விடை.’ மூன்றுக்கும் சிவப்பு மையில் சரி. கீழே ‘மிக நன்று’. பக்கத்தில் ஒரு நட்சத்திர ஒட்டி. உன் கையொப்பம்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அந்த வரி, பிள்ளைக்குப் பிள்ளை விடை மாறும் கேள்விகளுக்கு, ஆசிரியர் கையில் மட்டும் இருக்கிற விடைப்பட்டியலில் அச்சிட்டிருப்பது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சியில் அது கிடையாது. அது எப்படி அவள் கைக்குப் போனது என்று நான் கேட்கப் போவதில்லை. நீயே சொல்.

மூன்று நாள் ஓய்வு நேரத்தில் அவளோடு உட்கார்ந்தேன். உயிரெழுத்துகள் தெரிகின்றன. உயிர்மெய்யில் பாதி தடுமாற்றம். ‘பழம்’ என்று எழுதிக் காட்டினால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு ‘படம்’, ‘பள்ளி’ என்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறாள். முகம் மாறினால் விடையை மாற்றுகிறாள். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மருத்துவமனையில் ஏப்ரல் 7க்கு நாள் வாங்கியிருக்கிறோம். ஆனால் எங்கள் பள்ளியிலேயே, முந்தைய அறிக்கையில் ஐந்து இருக்கிறதே, ஒரே மாதத்தில் வாசிப்பு மறந்துபோகுமா, சோம்பேறித்தனமாக இருக்கும் என்கிறார்கள். டாக்டரும் அதைத்தான் கேட்பார்.

நீ போட்ட ஐந்து உண்மையல்ல என்று உன் பள்ளி வழியாக ஒரு கடிதம் வேண்டும். அடுத்த வருடம் அவள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள். அங்கே யார் அவளுக்கு ‘பழம்’ எழுதிக் காட்டப் போகிறார்கள்?

சத்தியபாமா


ரெங்கம்,
3 மார்ச் 2026

பாமா,

இரண்டு வாரமாக இந்தத் தாள் மேசையில் கிடக்கிறது. ‘அன்புள்ள’ என்று எழுதுவேன், கிழிப்பேன். உன் அன்பைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

எனக்குத் தெரியும். நாலாம் ஆண்டிலேயே தெரியும்.

வாசிப்புப் பாடம். ஒவ்வொருவராக எழுப்பினேன். பிரவீனா ஏழாவது. நன்றாகத்தான் வாசித்தாள், தடங்கலே இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான் சும்மா குனிந்து பார்த்தேன். வாய் ஐந்தாவது வரியில் இருந்தது, விரல் மூன்றாவது வரியில் இருந்தது. ஆறு பேர் வாசித்ததைக் கேட்டு மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான் விரலைப் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள். அப்படியே நிறுத்தினாள். காது மடல் சிவந்துவிட்டது. ‘நல்லது, உட்காரு’ என்றேன்.

அதன் பிறகு இரண்டு வருடம் நான் அவளை வாசிக்க எழுப்பவே இல்லை. அவள் மனம் நோகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு அதில் எவ்வளவு நன்றி தெரியுமா? தினமும் காலையில் எனக்கு முன்னால் வந்து மேசையைத் துடைத்து வைத்திருப்பாள். அந்த மேசையில்தான் நானும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து எழுதினேன்.

நோட்டுச் சோதனை வருகிறது, ஒரு பக்கம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்று பள்ளியில் சொன்னார்கள். அவள் நோட்டில் பாதி வெறுமை. ஓய்வு நேரத்தில் என் விடைப் புத்தகத்தைக் கொடுத்து, பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடு என்றேன். ஒரு தடவைதான் என்று நினைத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ‘ஏற்புடைய விடை’க்கு நான் ‘மிக நன்று’ போட்டது, படித்தே பார்க்காமல் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டது. என் மாணவிக்கு வாசிக்கத் தெரியவில்லை, நான் வாசிக்கவில்லை. இதில் யார் மோசம்?

முப்பது பேர் வகுப்பாக இருந்தால் கூட்டத்தில் தவறவிட்டேன் என்றாவது சொல்லலாம். என் வகுப்பில் மொத்தம் பதினொரு பேர், பாமா.

அந்த நோட்டை அதிகாரிகள் பாராட்டினார்கள். அந்த வருடம் எனக்கு நற்சேவை விருது கிடைத்தது. சான்றிதழ் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடக்கிறேன்.

உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பள்ளி வழியாகக் கடிதம் என்று மட்டும் கேட்காதே. ஏப்ரல் முடியட்டும். அதுவரை இது நமக்குள் இருக்கட்டும். சனிக்கிழமைதோறும் செனாய்க்கு வந்து அவளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

ஷாமளா


செனாய்,
9 மார்ச் 2026

ஷாமளா,

நமக்குள் இருக்கட்டும் என்கிறாய். இரண்டு வருடம் உனக்கும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கும் நடுவில் இருந்தது. அதில் அவளுக்கு ஆன நஷ்டம் போதாதா? இப்போது என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாய்.

நான் உன்னைப் பற்றி யாரிடமும் புகார் எழுத மாட்டேன். அது எனக்கு வராது. ஆனால் டாக்டர் ஏப்ரல் 7ஆம் தேதி பார்க்கிறார், உன் நேர்காணலுக்காகக் காத்திருக்க மாட்டார். அவள் அம்மா நேற்றும் வந்தார். ‘அங்க இருந்தப்ப நல்லாத்தான் லா டீச்சர் படிச்சா, இங்க வந்துதான் கெட்டுப்போய்ட்டா’ என்று அழுதார். வீட்டில் கைப்பேசியைப் பிடுங்கி வைத்து, விளையாடவும் விடுவதில்லையாம். செய்யாத குற்றத்துக்கு அவள் தண்டனை அனுபவிக்கிறாள். நீ திருத்திய நோட்டுதான் அவளுக்கு எதிரான சாட்சி.

சனிக்கிழமை வகுப்பு பிறகு பார்க்கலாம். முதலில் அந்த அம்மாளிடம் வந்து சொல். முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்து எழுதுகிறேன்.

பாமா


ரெங்கம்,
25 மார்ச் 2026

பாமா,

பள்ளி வழியாகக் கடிதம் அனுப்பிவிட்டேன். அதன் நகல் இதோடு இருக்கிறது. ‘மெதுவாகக் கற்கும் மாணவி’ என்று பூசி மெழுகி எழுதினால் போதுமே என்று தலைமையாசிரியர் சொன்னார். மறுத்துவிட்டேன். அவள் வாசிப்பை நான் சோதிக்கவே இல்லை, விடைகளை நான்தான் கொடுத்தேன் என்று இரண்டு வரியில் எழுதினேன். நேர்காணல் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லியாயிற்று. இதை எழுதும்போது பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

நோன்புப் பெருநாள் விடுமுறையில், முந்தாநாள், அவர்கள் வீட்டுக்குப் போனேன். அர்ச்சுனன் வேலைக்குப் போயிருந்தார். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். தேநீர் கலக்கி, கறிபாப் பலகாரம் வாங்கிவரச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினார். சரசுவதி பூசைக்கு வருடா வருடம் என் நோட்டுகளைத்தான் சாமி மேடையில் வைப்பார்களாம். ‘என் நோட்டுகள்’ என்றே எழுதிவிட்டேன் பார். அவளுடைய நோட்டுகள்.

நான் தேநீரைத் தொடாமல் சொன்னேன். நல்ல வார்த்தை தேடவில்லை. பிரவீனாவுக்கு வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன், விடைகளைக் கொடுத்து எழுத வைத்தேன் என்றேன். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. டீச்சர் ஏதோ மகளைக் காப்பாற்றப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார். அறையில் இருந்த பிரவீனாவைக் கூப்பிட்டார். ‘டீச்சரு என்னமோ சொல்றாங்க. அவங்கதான் விடய குடுத்தாங்களா?’ என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தைத்தான் பார்த்தாள், பாமா, ‘பழம்’ எழுதிக் காட்டியபோது உன் முகத்தைப் பார்த்தாளே, அதே பார்வை. பிறகு அம்மாவிடம் சொன்னாள்: ‘இல்லம்மா. டீச்சரு ஒண்ணும் குடுக்கல. அவங்க பையில இருந்து நான்தான் அவங்களுக்குத் தெரியாம எடுத்துப் பாத்து எழுதுனேன்.’

அம்மா அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம். உனக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அந்த அறை விழுந்தபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. இப்படியும் முடியலாம் என்று தோன்றியது. அந்தக் கணத்தை என்னால் கழுவ முடியவில்லை. குளித்தேன், கோயிலுக்குப் போனேன், அது போகவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று ஐம்பது வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது முறை கை ஓங்கியபோதுதான் எழுந்து பிடித்தேன். ‘அவ பொய் சொல்றா. எனக்காகப் பொய் சொல்றா. அடிக்கணும்னா என்ன அடிங்க’ என்றேன். அந்த அம்மாளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. என்னைத் திட்டவில்லை. மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு, ‘நீங்க போங்க டீச்சர்’ என்றார். போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பிரவீனா கேட்வரை வந்தாள். கன்னத்தில் விரல் தடம் இன்னும் இருந்தது. அவள் அழவில்லை. அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

‘டீச்சர், நான் சரியா சொன்னேனா?’

தப்பு என்று சொன்னேன், பாமா. தப்பும்மா என்றேன். இரண்டு வருடத்தில் நான் அவளைத் திருத்தியது அது ஒன்றுதான்.

ஏழாம் தேதி டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. எனக்கு எழுத உனக்கு மனம் வராவிட்டால் வேண்டாம், அவளைப் பார்த்துக்கொள்.

ஷாமளா