கசெற் முடிந்த இடத்தில் உன் சந்நியாசி

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் ஏகபோக உரிமையாளனாகிய மச்சான் செபாவுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். கடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தண்டவாளத்தில் கோச்சி வழமைபோலப் பிந்தித்தான் வருகிறது. நீயும் நானும் கத்துவது நின்றுபோனதால் கரையோரத்துக் காகங்கள் எல்லாம் பயம் தெளிந்து எங்கள் பல்கனிக்குக் குடிவந்துவிட்டன. அங்கே நீ யாருடன் வாதாடுகிறாய்? அவர்களுக்கு இதற்குள் தலையிடி தொடங்கியிருக்குமே?

வதனி சுகம். என் தங்கச்சி என்ற பாசமெல்லாம் ஒரு பக்கம் இருக்க, என்னை ஏசும்போது மட்டும் அவளுக்கு உன்னுடைய குரல் வந்துவிடுகிறது. ஆஸ்தி என்று பெரிதாக ஒன்றும் நீ விட்டுப்போகவில்லை, இதையாவது விட்டுப் போனாயே.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள். ஆகவே அவர்களுக்காக நம்முடைய வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பொறு. புரோகிரெசிவ் றொக் என்று ஓர் இசை உண்டு. அதில் ஒரு பாட்டுத் தொடங்கி முடிவதற்குள் ஒரு கலியாணத்தை நடத்தி, மாப்பிள்ளை வீட்டாருடன் கோபித்து, திரும்பச் சமாதானமும் ஆகிவிடலாம். அந்த இசையின் தலைசிறந்த கிற்றார்க்காரர் யார் என்பதுதான் வழக்கு. ஞாயிறுதோறும் நீ கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பூசை கண்டு முடித்து, பஸ் ஏறி, நேரே என் பல்கனிக்கு வருவாய். மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை விசாரணை நடக்கும். பெயர்களை எழுதமாட்டேன். எழுதினால் வாசிக்கிறவர்களும் கட்சி பிரிந்து, கடைசியில் கடிதத்தைக் கிழித்துவிடுவார்கள். நாம் வைத்த பட்டப் பெயர்கள் போதும். உன் ஆள் சந்நியாசி. கண்ணை மூடிக்கொண்டு, யோசித்து யோசித்து, ஒவ்வொரு நோட்டாக வாசிக்கிறவர். என் ஆள் மின்னல். அவர் ஒரு மூச்சில் வாசிக்கிற நோட்டுகளைக் கொட்டினால் கொழும்புத் துறைமுகம் நிறைந்து, கப்பல்கள் நங்கூரமிட இடமில்லாமல் காலி நகர்ப் பக்கம் திரும்பும்.

"ஒன்ட ஆள் தையல் மெஷின்டா," என்பாய் நீ. "என்ட ஆள் ஒரு நோட்ட வச்சா, அது வீட்டுக்குள்ள வந்து, உக்காந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகும்."

"உன்ரை ஆள் ரெண்டு நோட்டுக்கு நடுவிலை விடுற இடைவெளிக்குள்ளை நான் தெஹிவளைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்திடுவன்."

"வாங்கிட்டு வா மச்சான். அடுத்த நோட் வர்ற நேரம் கொழம்பும் கொதிச்சிருக்கும்."

இந்த வாதத்தை வசதியாகத் தொடர்வதற்காகவே நீ என் தங்கச்சியைக் கட்டினாய் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை. வதனி இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

எத்தனை வாதம் வைத்தாலும் கடைசியில் நீ ஒரு துரும்புச் சீட்டைப் போடுவாய். அந்த நீளப் பாட்டு. ஒரு கசெற்றின் ஒரு பக்கம் முழுவதையும் விழுங்குகிற பாட்டு. அதன் கடைசியில் சந்நியாசி மெல்ல மெல்ல ஏறுவார், ஏறிக்கொண்டே இருப்பார், ஏறி உச்சியில் நிற்கும்போது, சட்டென்று ஒன்றுமில்லை. கத்தியால் நறுக்கியதுபோல அமைதி. நீ கதிரையை விட்டு எழும்புவாய்.

"பாத்தியா? உச்சியில ஏறினவன் எவனாவது எறங்காம விட்டிருக்கானா? ஒன்ட மின்னலுக்கு இந்தத் தைரியம் இருக்கா?"

மின்னல் எந்தப் பாட்டையும் முடித்து, முடிச்சுப் போட்டு, பூமாலை சூட்டித்தான் விடுவார். நான் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்ப்பேன். வதனி சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிடுவாள். வழக்கு ஒத்திவைக்கப்படும்.

இப்போது செய்தியைச் சொல்கிறேன். நீ நிற்கிற இடத்தில் கதிரை இருந்தால் இருந்துகொள்.

உன்னுடைய ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை பின்னேரம் உன் மகள் மெலனி கிற்றாரும் தோளுமாக வதனியோடு வந்தாள். பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியை வாசிக்கப்போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பிள்ளை வேலை முடிந்து வந்து, போனில் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு முகம் சரியில்லை.

"மாமா, இந்தப் பாட்டு எங்க முடியுது?"

"இதென்ன கேள்வி? உச்சியிலை ஏறி, சட்டெண்டு நிக்கும். உலகத்துக்கே தெரியும்."

"நிக்கல்ல மாமா. போன்ல அது இன்னும் போகுது. நிறையப் போகுது."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு விளங்கியது, செபா. அந்தக் கசெற்றை நீ கொட்டாஞ்சேனையில், காசுக்குப் பாட்டுப் பதிந்து தரும் ஒரு றெக்கோடிங் பாரில் பதிவித்தாய். பாட்டு நீளம், நாடா கட்டை. பாட்டு முடிவதற்கு முன் நாடா முடிந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. உன் சந்நியாசியின் மாபெரும் தைரியம் என்பது நாடா முடிந்து 'டக்' என்று மெஷின் நின்ற இடம்.

அதே கசெற்றைத்தான் நம்முடைய கூட்டாளி நஸீர் உன்னிடம் வாங்கிப் பிரதி எடுத்தான். நஸீரிடமிருந்து நான், குற்றம் பிடிப்பதற்காக. என்னிடமிருந்து ஹெந்தளைப் பெடியள். இப்படியே அந்தத் தலை வெட்டுண்ட பாட்டு களனி கங்கையைக் கடந்து போய் ஒரு தலைமுறையையே ஆட்சிசெய்தது. சீடி வந்த காலத்தில் "மனப்பாடமான பாட்டுக்கு சீடி என்னத்துக்கு?" என்றாய். போனில் கேட்டால் பாட்டுக்குக் காய்ச்சல் வரும் என்றாய். நானோ எதிர்த்தரப்பின் ஆளை அதற்குமேல் வலியப் போய்க் கேட்பதில்லை என்ற கொள்கையில் மலைபோல் நின்றவன். பிறகு எப்படித் தெரியவரும்?

என் முதல் உணர்ச்சியை ஒளிக்கப்போவதில்லை. ஆனந்தம். பாராளுமன்றத்தின் அத்தனை ஆசனங்களையும் தனி ஒருவனாக வென்றுவிட்ட ஆனந்தம். கையில் போனை எடுத்து உன் பெயரைத் தேடியும் விட்டேன். தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் நினைவு வந்தது. வென்றதை யாரிடம் போய்ச் சொல்வது?

மெலனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, நீங்க சொல்லுங்க. அப்பா சொல்ற இடத்திலயே நிப்பாட்டவா, இல்லாட்டி முழுசா வாசிக்கவா? நிப்பாட்டினா அது பொய். முழுசா வாசிச்சா மண்டபத்தில இருக்கிற எல்லாரும் அப்பாவப் பாத்துச் சிரிப்பாங்க. அவர் அதையே சொல்லிச் சொல்லித்தானே எல்லாரோடயும் சண்ட புடிச்சவர்?"

குசினிக்குள் இருந்து வதனி கத்தினாள், உன் குரலில். "அண்ணா! செத்த மனுசனைத் தோக்கடிக்கிறதுக்கெண்டு பிள்ளைக்கு ஏதும் சொல்லிக் குடுத்தியளெண்டால் இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டன்!"

தாயும் மகளும் தீர்ப்பை என் கையில் தந்துவிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் உன்னைத் தோற்கடிக்க அலைந்தவனிடம் உன் மானத்தைப் பாதுகாக்கக் கொடுத்தார்கள். இப்படி ஒரு குடும்பத்தில்தானா நீ பெண் எடுத்தாய்?

"முதலிலை அந்த மிச்சத்தை வாசி பிள்ளை," என்றேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதற்குத் தயாராகிற தோரணையில் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டேன்.

அவள் வாசித்தாள். நமது உச்சி வந்தது. போனது. அதற்குப் பிறகு சந்நியாசி இறங்கத் தொடங்கினார், செபா. ஏறியதைவிட மெதுவாக. ஏறும்போது அழுத்தி வாசித்த அதே நோட்டுகளை இறங்கும்போது விரலால் தொட்டுவிட்டு மட்டும் போகிறார், தூங்குகிற பிள்ளையைக் கடந்து போகிறவர்போல. ஓர் இடத்தில் ஒரே ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். நான் குற்றம் தேடினேன். தாளத்தில் தேடினேன், சுருதியில் தேடினேன், மெலனியின் விரல்களிலும் தேடினேன். காலுக்கு மேல் போட்டிருந்த கால் எப்போது கீழே இறங்கியது என்று தெரியவில்லை.

நாம் இருவரும் கேட்காத பகுதிதான் அந்தப் பாட்டிலேயே ஆகத் திறமானது.

உன் காரணம் பிழை. உன் முடிவு சரி. இப்படி ஒரு கேவலமான தோல்வி எந்த எதிரிக்காவது கிடைத்திருக்குமா? நீ ஒழுங்கான காரணத்தோடு வென்றிருந்தால் நான் கௌரவமாகத் தோற்றிருப்பேன்.

"முழுசா வாசி," என்றேன் மெலனியிடம். "சிரிக்கிறவன்ரை சிரிப்பை நான் பாத்துக்கொள்ளுறன்."

திருப்பலி நன்றாக நடந்தது. பாதர் உன்னை அமைதியான மனிதர் என்றார். வதனி என்னைக் கிள்ளினாள், நான் இருமிச் சமாளித்தேன். பிறகு மண்டபத்தில் பற்றிஸும் தேத்தண்ணியும். உன் பழைய கூட்டாளிகள் எல்லோரும் தலை நரைத்து, வயிறு வளர்ந்து, முன்வரிசையில் இருந்தார்கள். மெலனி வாசிக்கத் தொடங்கியதும் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஏறினாள். ஏறிக்கொண்டே போனாள். உச்சி வந்தது.

முன்வரிசை முழுவதும் கைதட்டியது.

நாடா முடிகிற அந்த இடம் அவர்களுடைய எலும்பில் ஊறியிருக்கிறது, பாவங்கள். மெலனி நிறுத்தவில்லை. இறங்கத் தொடங்கினாள். தட்டின கைகள் அந்தரத்தில் நின்றன. ஒருவர் மற்றவரைப் பார்த்தார். நஸீர் கையில் இருந்த பற்றிஸைக் கடிக்க மறந்து, கடைசி நோட்டு அடங்கும்வரை அதைப் பிடித்தபடியே இருந்தான். முடிந்த பிறகு கைதட்ட ஒருவருக்கும் துணிவில்லை, இன்னும் இருக்குமோ என்ற பயத்தில்.

நஸீர்தான் முதலில் வாய் திறந்தான். "என்ன மச்சான் இது? இவ்வளவு காலமும் நாங்க அரைப் பாட்டுக்கா சண்ட புடிச்ச? செபா சென்ன அந்தத் தைரியம், அது கசெற் முடிஞ்ச எடமா?"

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கினார். மெலனி தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழும்பினேன். சக்கரவர்த்தியைப்போல எழும்ப நினைத்தேன், முழங்கால் சம்மதிக்கவில்லை, நஸீரின் தோளைப் பிடித்துத்தான் எழும்பினேன்.

"ஓம், கசெற் முடிஞ்ச இடந்தான்," என்றேன். "எங்களுக்கு இந்த ஆள் பெரிய ஆள் எண்டு விளங்கிறதுக்கு முழுப் பாட்டும் தேவைப்பட்டது. செபாவுக்கு அரைப் பாட்டுப் போதுமாயிருந்தது. இப்ப சிரிக்கிறவை சிரியுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. வதனி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது என்னவென்று நான் எழுதமாட்டேன், நீயே ஊகித்துக்கொள். மெலனி கிற்றாரை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

ஆனால் மச்சான், ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. நான் கட்சி மாறிய செய்தி நஸீருக்குப் பொறுக்கவில்லை. மின்னலை நடுத்தெருவில் விட்டுவிட்ட துரோகி என்று எனக்குப் பட்டம் தந்திருக்கிறான். இனி மின்னலுக்காகத் தானே வாதாடப்போகிறானாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பல்கனிக்கு வருகிறான்.

ஆகவே உனக்கு வாக்குத் தருகிறேன். உன் பக்கத்துக் கதிரையில் இருந்து உன் ஆளுக்காக நான் கதைப்பேன். நஸீர் சொல்வது சரியென்று மனதுக்குத் தெரிந்தாலும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கமாட்டேன். நீ எனக்கு விட்டுக்கொடுத்தாயா என்ன?

உன் வதனிக்கு அண்ணனும், உன் மெலனிக்கு மாமனும்,
இனிமேல் உன்னுடைய வாயுமாகிய
மச்சான் ரவி