வெள்ளிக்கிழமை நெருப்பு

அண்ணி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. முழுப் பெட்டி, இன்னும் பிரிக்காதது. இந்த யுத்த காலத்தில் தீப்பெட்டி குதிரைக்கொம்பாக இருக்கிறபோது, அதைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைக்கோல் பிரிமணைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, நேற்றும் கொட்டாங்குச்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நெருப்பு கேட்கப் போனேன். நாலு பிள்ளை பெற்றவள், காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது, வாசலில் நின்று "ரெண்டு கங்கு இருந்தா போடேன்" என்று குழைகிறேன். கங்கு வாங்க ஒரு நிமிஷம். பேச்சு முடிய ஒரு நாழிகை. அந்த நாழிகைக்காகத்தான் போகிறேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது கொட்டாங்குச்சி ஓரம் கருகி வாசனை வந்தது. அந்த வாசனை எனக்கு நீதான். அதனால் இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்ற எழுத்து இது. நீ இருந்த காலத்தில் உனக்குக் கடிதம் போட்டால் மாதா கோயில் உபதேசியார்தான் உரக்கப் படித்துக் காட்டுவார், அதனால் உன்னைக் கேலி செய்து ஒரு வரி எழுத முடியாது. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

உன் தம்பிக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, சென்னப்பட்டணத்து மில்லில் வேலை கிடைத்த வருஷம் நினைவிருக்கிறதா? எனக்கு வயிற்றில் ஆறு மாதம். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. மனுஷன் நம்ம ஊர் உறுவையாற்றுக்கு வந்து நின்று, மில்லுக்குப் பின்னாலேயே வீடு பார்த்துவிட்டேன், விசில் ஊதினால் உள்ளே கேட்கும், நடக்கவே வேண்டாம் என்று பெருமை பேசினார். நீ காய்ந்த கரும்புச் சோகையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே கேட்டாய்.

"விசில் ஊதினா இவளுக்குக் கேக்கும். இவ கத்துனா யாருக்குடா கேக்கும்?"

அது உன் கதை என்று எல்லோருக்கும் தெரியும். புதுச்சேரி மில் ஓரத்தில் அப்படி ஒரு வரிசை வீட்டில்தான் நீ ஒரு வருஷம் குடியிருந்தாய். பட்டப்பகலில் உன் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது நாலு கதவைத் தட்டினாய். நாலும் திறக்கவில்லை. ஐந்தாவது கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதை நீ ஒரு தடவைதான் சொன்னாய், அதுவும் அவரைக்காய் உரித்துக்கொண்டு.

"நான் போய்த் தெருவைப் பாக்கறேன். எனக்குப் புடிச்சா இவ வருவா. இல்லேன்னா இங்கியே பெத்துக்கட்டும், நீ தனியா கெட" என்றாய்.

"தெருவைப் பார்த்து இன்னா தெரியும் அண்ணி?" என்றேன்.

"தெருவை யாருடி பாக்கப்போறா? நெருப்பு கேக்கப்போறேன்."

நம்ம கோயில் தெருவில் அடுப்பு அணைந்தால் யாரும் யோசிப்பதில்லை. எந்த வீட்டில் புகை தெரிகிறதோ அங்கே கொட்டாங்குச்சியோடு போய் நிற்பதுதான். முகம் தெரியாத ஒருத்தி போய்க் கேட்டால் அந்த வீட்டுக்காரி எப்படிக் கொடுக்கிறாள் என்று பார், அவள் உன் பிள்ளைக்கு எப்படி ஓடி வருவாள் என்று தெரிந்துபோகும் என்பது உன் கணக்கு. பெரிய நீதிபதி மாதிரி சொன்னாய். நானும் நம்பினேன்.

பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, மூன்று பேரும் வில்லியனூரில் ரயில் ஏறினோம். பிரெஞ்சு எல்லை தாண்டியதும் இங்கிலீஷ்காரன் பக்கத்துச் சுங்கக்காரன் உன் மூட்டையை அவிழ்த்தான். சாராயம் இருக்கும் என்று நினைத்திருப்பான். ஒரு புடவை, ஒரு ஜெபமாலை, ஒரு கொட்டாங்குச்சி.

"இது இன்னாம்மா?"

"கொட்டாங்குச்சி."

"அது தெரியுது. எதுக்கு?"

"நெருப்பு கேக்க."

"ஏன், மெட்ராஸ்ல நெருப்புக்குப் பஞ்சமா?"

"அதைத்தான்பா பாக்கப் போறோம்" என்றாய். அவன் அதை முகர்ந்துகூடப் பார்த்தான். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

நம்ம ஊர் சாமியார் கொடுத்த சீட்டைக் காட்டி, பட்டணத்தில் ஒரு கோயில் கூடத்தில் இரண்டு நாள் தங்கினோம். வியாழக்கிழமை உன் தம்பி பார்த்த வரிசைக்குப் போனோம். முதல் கதவு நாலு விரல்கடை திறந்தது. "முக்குல கடை இருக்குது, தீப்பெட்டி விக்கறான்" என்று சொல்லி மூடிக்கொண்டது. அடுத்தது திறக்கவே இல்லை. நீ மூன்றாவதைத் தட்டவில்லை. திரும்பி நடக்கும்போது உன் கை என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாள் இன்னொரு தெரு. குறுகலான தெரு, ஓட்டு வீடுகள், நடுவே ஒரு வேப்பமரம். ஒருத்தி உட்கார்ந்து மூன்று பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், அதில் ஒன்றுதான் அவள் பிள்ளை. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நீ கொட்டாங்குச்சியை எடுத்தாய்.

முதல் வீட்டில் பூக்காரி கன்னியம்மா. என் வயிற்றைப் பார்த்ததும் பாய் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எந்த ஊர், எங்கே தங்கல், எத்தனை மாசம் என்று எல்லாம் கேட்டாள். நெருப்பு என்றதும் முகம் சுருங்கி, "இன்னிக்கு இல்லியேம்மா" என்றாள். அவளுக்குப் பின்னால் அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது. அடுத்த வீட்டில் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார்கள், நெருப்பு இல்லை. அதற்கடுத்த வீட்டில் மோர், நெருப்பு இல்லை. ஏழு வீடு, அண்ணி. எனக்கு வயிறு நிரம்பிவிட்டது, கொட்டாங்குச்சி காலியாக இருந்தது.

"பசப்புற தெருடி இது" என்றாய் வெளியே வந்து. "கண்ணெதிரே அடுப்பு எரியுது, இல்லேன்னு சொல்லுது. அந்த மில்லுக்காரி தேவலை. மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துனா."

"மோர் நல்லா இருந்துச்சு அண்ணி."

"மோரு பிரசவம் பாக்குமா?"

அதோடு முடிந்தது. சனிக்கிழமை காலை ரயிலுக்குப் போகிறோம், நான் உறுவையாற்றில்தான் பெற்றுக்கொள்ளப் போகிறேன், உன் தம்பி தனியாகக் கிடக்கப்போகிறார் என்று ஆனது. அவர் கூடத்து வாசலில் உட்கார்ந்து விரல் விட்டு மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இப்படியே பிரிந்து கிடந்தால் பிறக்கப்போகிற பிள்ளை அப்பன் முகத்தை வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பார்க்கும் என்று.

விடிந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். கன்னியம்மா வந்து நின்றாள். கையில் பானை ஓடு, அதில் சாம்பல், சாம்பலுக்குள் இரண்டு கங்கு. அந்தத் தெருவிலிருந்து கோயில் வரை, எதிர்ப்பட்டவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு, ஊதி ஊதி அணையாமல் கொண்டு வந்திருக்கிறாள்.

"கோச்சிக்காதீங்க. நேத்து வெள்ளிக்கெழமை. வெள்ளிக்கெழமை வூட்டு நெருப்பை வெளியே குடுத்தா லட்சுமியும் கூடவே போயிடும்னுவாங்க, எங்க தெருவுல யாரும் குடுக்கமாட்டோம். ஆனா வாயும் வயிறுமா ஒருத்தி கேட்டு இல்லேன்னு சொன்னது எனக்கு மனசே ஆறலை. விடிஞ்சதும் எடுத்தாந்துட்டேன்."

கோயில் கூடத்தில் எங்களுக்கு அடுப்பே இல்லை. நீ அதைச் சொல்லவில்லை. கொட்டாங்குச்சியை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி அந்தக் கங்கை வாங்கிக்கொண்டாய். அவள் போன பிறகும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாய். கொட்டாங்குச்சி கருக ஆரம்பித்தது.

"உன் பரீட்சையில நீயே தேறலை அண்ணி" என்றேன்.

"வெள்ளிக்கெழமைன்னா கறி கூடாது, அது ஒண்ணுதான்டி எனக்குத் தெரியும். நெருப்புகூடக் கூடாதுன்னு எந்தச் சாமியார் சொன்னாரு?" என்றாய். பிறகு தம்பியைப் பார்த்து, "போடா, அந்தத் தெருவுல வூடு பாரு" என்றாய். உன் கண் கலங்கியிருந்ததற்குப் புகைதான் காரணம் என்று பிறகு பல தடவை சொன்னாய். நானும் பல தடவை நம்பவில்லை என்று சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து வலி எடுத்தபோது நான் யாரையும் கூப்பிடவில்லை, தெரியுமா? கையிலிருந்த செம்பு விழுந்தது, அவ்வளவுதான். சத்தம் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். கன்னியம்மா ஈரக் கையோடு, பூ கட்டுகிற நாரைத் தோளில் போட்டபடி வந்தாள். அந்த நாரில்தான் தொப்புள்கொடியைக் கட்டினாள்.

குழந்தையைப் பார்க்க வந்த நீதான் அந்தத் தெருவுக்கு இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தாய். "எங்க வூட்ல அந்த வழக்கம் இல்ல. வெள்ளிக்கெழமை அடுப்பு அணைஞ்சா இவகிட்ட வாங்க, நெருப்பு குடுப்பா" என்று வேப்பமரத்தடியில் நின்று அறிவித்துவிட்டு, சாவகாசமாக ஊருக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் இந்தத் தெருவின் நெருப்பு என் அடுப்பில்தான். மற்ற நாளில் நான் அவர்களிடம் போவேன், அன்றைக்கு அவர்கள் என்னிடம் வருவார்கள். போகும்போது, "உங்க அண்ணி சௌக்கியமா?" என்று கேட்பார்கள்.

போன தையில் அந்தக் கேள்வி நின்றுபோனது. சேதி வந்து, நான் வில்லியனூரில் இறங்கி நடந்து வருவதற்குள் உன்னை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகிவிட்டது. உன் அடுப்படியில் கூரை எரவாணத்தில் அந்தக் கொட்டாங்குச்சி செருகியிருந்தது, ஓரமெல்லாம் கருகி. வேறு எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது சுங்கக்காரன் மூட்டையைப் பிரித்தான். "கொட்டாங்குச்சியா?" என்றான். "ஆமாம்" என்றேன். இந்தத் தடவை சிரிக்க உடன் ஆள் இல்லை.

நேற்று நான் எடுத்துக்கொண்டு போனது அதைத்தான். நான் போவதெல்லாம் பேச்சுக்காக மட்டும் இல்லை என்று உனக்குத் தெரியும். இன்னும் திறக்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறேன். என் கதவையும் பகலில் சாத்துவதில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் அடுப்பில் பெரிய கட்டையாக ஒன்று வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதியதில் அதை மறந்துவிட்டேன். இப்போது பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கிறது. தெருவில் போய்க் கேட்க ஒரு வீடு இல்லை. பானையை நகர்த்தித் தீப்பெட்டியை எடுத்தேன். பானை எப்போதிலிருந்தோ கசிந்திருக்கிறது. குச்சியெல்லாம் ஊறிப்போய் மருந்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் கன்னியம்மாவும் அவள் மருமகளும் ஆளுக்கொரு கொட்டாங்குச்சியோடு நிற்கிறார்கள். பாய் போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்திருக்கிறேன்.