நான் தாண்டிய பக்கம்

14 நவம்பர் 1974, வியாழன்

மழைக்காலத்தில் வண்டியின் அடித்துளைகளைப் பட்டிப் பசை வைத்து அடைப்பது என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பின் வழக்கம். ஒரு நடிகரின் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரில் இவர் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாயையும் சேர்த்து அடைத்துவிட்டார். தண்ணீர் காருக்குள்ளேயே ஒழுகித் தேங்கிவிட்டது. இன்று பட்டியைச் சுரண்டி எடுத்ததும் ஒழுகல் நின்றதாம். ஆனாலும் முதலாளி விடவில்லை.

"இன்னா மிஸ்திரி, காரா இது, மீன் தொட்டியா? நாளைலேர்ந்து வராதே!"

சாப்பிடும்போது இவர் கேட்டார்: "அந்தக் காரோட இங்கிலீஷ் புஸ்தகத்தை நீதானே படிச்சுச் சொன்னே? அந்தக் குழாயைப் பத்தி ஒண்ணும் போடலையா?"

"இல்லைங்க" என்றேன்.

போட்டிருந்தது. அன்று குழந்தை வீறிட்டு அழ, அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்லாமல் தாண்டிவிட்டேன்.

காலையில் போய், தப்பு தன்னுடையதுதான் என்று முதலாளி காலில் விழப்போகிறாராம். சட்டையைத் தேய்த்து வைத்தேன். உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.