ரப்பர் இல்லாத வகுப்பு

என் அன்பு நர்ஸம்மாவுக்கு,

நானும் மகளும் இங்கே நலம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனை எடுத்தாலே உன் மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறாள். அவளைப் பற்றி அவள் காதுபடப் பேசிவிட்டு, அப்புறம் அவளை யார் சமாளிப்பது?

முதலில் உன் திட்டை வாங்கிக்கொள்கிறேன். அவள் கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கிய அன்று, "அவளுக்குக் கணக்கு வராதுங்க, விட்டுடுங்க. ஹெட்மாஸ்டரைப் பார்த்து சுலபமான கணக்குப் பிரிவுக்கு மாத்திடுங்க" என்றாய். நானும் மண்டையை ஆட்டினேன். மாற்றுவதற்கு இந்த மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை. மீதியையும் படித்துவிட்டுத் திட்டு.

பள்ளிக்குப் போனேன், ஆனால் சண்டை போடத்தான். புதுக் கணக்கு டீச்சரின் சட்டங்களைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் கிடையாதாம். தேர்வில் சறுக்கினால் மறுபடி எழுதலாமாம். வகுப்புக்குள் ரப்பரே வரக்கூடாதாம். தப்பாகப் போட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே சரியாகப் போட வேண்டுமாம். பிள்ளைகள் அவருக்கு 'கோடு மிஸ்' என்றே பட்டம் கட்டிவிட்டார்கள். நானோ அப்போதுதான் ஒரு பெட்டி நிறைய நல்ல ரப்பர் வாங்கிக் கொடுத்திருந்தேன். சுவரில் இருக்கிற விரிசலைப் பட்டி பார்த்து மூடி, மேலே பெயிண்ட் அடிப்பவன் நான். தப்பை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விட்டுவைப்பது எந்த ஊர் நியாயம்?

கையில் பெயிண்ட் காயாமல், வேலை உடுப்போடு போய் நின்றேன். டீச்சர் நம்மைவிட வயதில் சின்னவர். நாற்காலியைக் காட்டினார். கறை பட்டுவிடும் என்றேன். "படட்டும், உக்காருங்க" என்றார். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

மகளின் விடைத்தாளை விரித்தார். தாள் பளிச்சென்று இருந்தது. சட்டத்தை மீறி என் ரப்பரை ஒளித்து எடுத்துப்போயிருக்கிறாள், கள்ளி! அழித்து அழித்து எழுதியதில், எங்கே தடுமாறுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை என்றார். பிறகு பக்கத்தில் இன்னொரு தாளை வைத்தார். தன் எதிரில் உட்கார வைத்து, அதே கணக்குகளைப் பேனாவால் போடச் சொன்ன தாள். எங்கே பார்த்தாலும் கோடு. ஆனால் எல்லாக் கோடும் ஒரே மாதிரி இடத்தில். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருந்தால், உள்ளே முதலில் இருப்பதற்கு மட்டும் குறியை மாற்றுகிறாள், அடுத்ததை அப்படியே விட்டுவிடுகிறாள். "கணக்கு வராதுன்னு யாருங்க சொன்னது? ஒரே ஒரு தப்பைத்தான் தாள் பூரா பண்ணியிருக்கா" என்றார்.

சொன்னது நாம்தான் என்று எந்த வாயால் சொல்வேன்?

மறுதேர்வும் சும்மா கிடைத்துவிடுவதில்லை. எங்கே தப்பு செய்தோம் என்று வாய்விட்டுச் சொல்லி, அதே தப்பு வரக்கூடிய புதுக் கணக்கு ஒன்றைத் தானே உண்டாக்கிக் கொண்டுபோக வேண்டும். மதியம் சாப்பிட்ட பிறகு உதவி மேசை என்று ஒன்று உண்டு. அங்கே போனால் மக்கு என்பார்களே என்று நம்மவள் பயந்துகொண்டிருந்தாள். வகுப்பில் முதலாவதாக வருகிறவளும் வாரம் ஒருமுறை அங்கே உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று டீச்சர் சட்டம் போட்டுவிட்டார். அதற்கப்புறம் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

வீட்டில் அவள் உண்டாக்கிய கணக்குகளை என்னைப் போடச் சொன்னாள். போட்டேன். "அப்பா, நீங்களும் ரெண்டாவது ஆளை விட்டுட்டீங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

மறுதேர்வில் ஐம்பத்தெட்டு. வேலை செய்கிற இடத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். "அம்பத்தெட்டுக்கா இந்த அலப்பறை?" என்றார் மேஸ்திரி. ஆமாம், அதற்குத்தான் என்றேன்.

போன வாரம் பெற்றோரை வகுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த முதல் மாணவி கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டாள். எல்லாரும் பார்க்கிற படபடப்போ என்னவோ, அதே அடைப்புக்குறியில் அவளும் சறுக்கினாள். நம் மகள் கையைத் தூக்கினாள். முன்னால் போய், "நான் ஒரு கோடு போட்டுக்கட்டுமா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டுப் போட்டாள். எல்லாருக்கும் விளக்கினாள். கடைசியில், "இது என்னோட தப்பு, எனக்கு இதை நல்லாத் தெரியும்" என்றாள். வகுப்பே சிரித்தது, அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ பக்கத்தில் இல்லையே என்றும் இருந்தது.

இனி, இந்தக் கடிதம் எதற்கு என்று சொல்கிறேன். அன்று நீ போனில் கணக்கு வராது என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. இன்று காலை ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "அம்மா இன்னும் அப்படித்தான் நினைக்கிறாங்களாப்பா?" என்று கேட்டாள். நான் தலையாட்டியது தப்பு என்று சொல்லி என் கோட்டை அங்கேயே போட்டுவிட்டேன். உன் கோட்டை நான் போட முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி டியூட்டி முடிந்தால் தூங்கு. நீ நல்லபடியாக இருந்தால்தான் நாங்கள் நல்லபடியாக இருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை அவளிடமே கொடுக்கிறேன். அப்படிச் சொல்லவே இல்லை என்று அழித்துவிடாதே. சொன்னேன், தப்பு என்று ஒரே ஒரு கோடு போடு. கீழே எழுத நிறைய இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஐம்பத்தெட்டு வாங்கியவளின் அப்பா