மீன் வருமுன் குடிவந்தவர்கள்

கண்ணு,

புதுத் தொட்டியில் இப்போதே மீன் விட வேண்டாம் என்று தடுத்ததற்காக நீ பேசாமல் இருக்கிறாயே, அந்த "வெறும் தண்ணிக்குக் காவல்காரர்"தான் எழுதுகிறேன். மீன் கழிவுக்குப் பதிலாக நேற்று தொட்டியில் நான் கலந்த அம்மோனியா காலையில் துளிகூட இல்லை, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற நஞ்சும் இல்லை. சோதனைக் குழாயை ஜன்னலில் வைத்திருக்கிறேன், பார். இத்தனை நாள் பச்சை காட்டியது இன்று மஞ்சள். கண்ணுக்கே தெரியாத உயிர்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேறி, மீனைக் கொல்லும் நஞ்சை ஒரே ராத்திரியில் தின்று தீர்த்திருக்கின்றன. வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தப் பஞ்சைப் பார்த்தால் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. கழுவ விடாதே. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பட்டால் எல்லாம் செத்துப்போகும்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாயங்காலம் வளர்ப்பு மீன் கடைக்குப் போகலாம்.

அப்பா

பி.கு.: என்னோடு பேச வேண்டாம். எந்த மீன் என்று கடைக்காரரிடம் கைகாட்டினால் போதும்.